தக்காளி ஊருக்கு ஒரு டிக்கெட்!

மே மாசம் பிறந்தாலே கேன்டீனில் ஒரே டாபிக்தான். ‘மச்சி, லீவுக்கு எங்கேடா கிளம்புறோம்?’ ஊட்டி, கொடைக்கானல், பட்ஜெட் இடிச்சா ஏற்காடு. தர்மபுரி மாவட்டம்னு யாராவது வாயைத் திறந்தா, அடுத்த வார்த்தை ஒகேனக்கல்தான். பரிசல், அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல்... நல்லாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்லலை. ஆனா, அதே மாவட்டத்தில் எந்த டூர் பிளானிலும் இடம்பிடிக்காத ஒரு ஊர் இருக்கு. உங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் தினம் ஊத்துற ரசத்துக்கும் அந்த ஊருக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. பாலக்கோடு!

தர்மபுரியிலிருந்து ஓசூர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம். சேலம் - பெங்களூரு ரயில் பாதையும் இந்த ஊர் வழியாத்தான் போகுது. ஜன்னலோர சீட் கிடைச்சா விடாதீங்க. செம்மண் காடு, வரிசையா புளியமரம், மாந்தோப்பு, மொட்டைப் பாறைக் குன்றுன்னு மாத்தி மாத்திப் படம் ஓடும். காவிரி ஆர்ப்பாட்டமா வந்து இறங்குற மாவட்டம்தான் இது. ஆனா, ஆறு பள்ளத்துல, கொல்லை மேட்டுல! பயிருக்குத் தண்ணி வேணும்னா போர்வெல், இல்லாட்டி வானம். பஞ்சப்பள்ளி பக்கம் சின்னாறு அணை இருக்கு. அது நிறையுற வருஷம் பாலக்கோட்டுக்கே முகம் மாறிடும்.

2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாப் பிரிஞ்சப்போ மாம்பழப் பேரை அவங்க எடுத்துக்கிட்டாங்க. தக்காளியை மட்டும் ரெண்டு மாவட்டமும் பங்கு போட்டுக்கிச்சு. பாலக்கோடு மண்டி இந்தப் பக்கம், ராயக்கோட்டை மண்டி அந்தப் பக்கம்.

இந்தத் தக்காளியே வெளியூர் ஆள்தான், தெரியுமோ? தென் அமெரிக்காவில் பிறந்து, கப்பலேறி வந்தது. நம்ம பாட்டிகளோட பாட்டிகளுக்குத் தக்காளின்னா மணத்தக்காளி மாதிரி குட்டிக் குட்டிப் பழம்தான். அதனால இதுக்கு ‘சீமைத் தக்காளி’ன்னு பேர் வெச்சாங்க. அப்புறம் ‘சீமை’ உதிர்ந்துபோய், வந்தவன் வீட்டுக்காரன் ஆயிட்டான். இப்போ தக்காளி இல்லாம ஒரு சட்னி, ஒரு குழம்பு, ஒரு பிரியாணி சொல்லுங்க பார்ப்போம்!

விரலில் ஒட்டும் பச்சை

நான் போனது என் ஹாஸ்டல் தோழி வீட்டுக்கு. பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம், அங்கிருந்து நடை. ஒரு ஏக்கர் தக்காளி, கரையோரமா நாலஞ்சு தென்னை, ரெண்டு கறவை மாடு. இவ்வளவுதான் சொத்து. மாசியில நட்ட செடி வைகாசியில கடைசிக்கட்டப் பறிப்பில் இருந்துச்சு.

காலை அஞ்சரைக்கெல்லாம் தோழியோட அம்மா எழுப்பிட்டாங்க. “வெயில் ஏறிட்டா காய் சூடேறிடும் பாப்பா. சூட்டோட பெட்டியில அடைச்சா மண்டிக்குப் போறதுக்குள்ள வெந்துபோவும்.” வெறும் வயித்தில் ஒரு டம்ளர் டீயோட கொல்லையில் இறங்கியாச்சு. கூடவே பறிக்க அக்கம்பக்கத்திலிருந்து நாலு பேர், தலையில் துண்டு, மேலே ஒரு முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டை எதுக்குன்னு பத்து நிமிஷத்தில் புரிஞ்சுது. தக்காளிச் செடி முழுக்க கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முடி. தொட்டால் ஒரு பிசின் விடும். முதலில் மஞ்சளா, அப்புறம் பச்சையா, கடைசியில் கறுப்பாகவே விரலில் ஏறிடும். சோப்புக்கெல்லாம் அசையாது. வாசனை வேற ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. அம்மா ஒரு நைஞ்ச தக்காளியைக் கையில் பிசைஞ்சு தேய்ச்சுக் காட்டினாங்க. அட, அழுக்கு கரைஞ்சு ஓடுது! பழத்தோட புளிப்புதான் மருந்தாம்.

பறிக்கிறதுன்னா சிவப்பா இருக்கிறதையெல்லாம் பிடுங்கிப் போடுறது இல்லை. அடியில் லேசா சிவப்பு எட்டிப் பார்த்தா ‘செங்காய்’. அது லாரியில் ரெண்டு நாள் குலுங்கி சென்னைக்கோ கேரளாவுக்கோ போற சரக்கு. போற வழியில் தானாப் பழுத்துக்கும். முழுசா சிவந்தது உள்ளூர் சந்தைக்கு. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆனது வெயில் சுட்டது. கோடையில் இலை உதிர்ந்து போச்சுன்னா காய்க்கு நிழல் கிடையாது, வெயில் நேரா தோல்மேலதான். காம்புப் பக்கம் ஓட்டை தெரிஞ்சா உள்ளே புழு குடித்தனம் நடத்துது. இதுக்குத்தான் தக்காளிக்கு நடுநடுவே ஒரு வரிசை செண்டுமல்லி நடுவாங்க. காய்ப்புழுவோட தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிட அந்தப் பூ மேலே ஆசை அதிகம், முட்டையை அங்கே போய் இட்டுடும். அழகுக்கு நட்டதுன்னு நினைச்சு நான் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தப்போ தோழி சொன்ன பயாலஜி இது!

கோடைத் தக்காளிக்கு வெயில் வெறும் சுடுறது மட்டும் இல்லை. பகலில் 35 டிகிரிக்கு மேலே ஏறி, ராத்திரியும் புழுக்கம் குறையலைன்னா மகரந்தம் வேலை செய்யாது. பூ பிஞ்சாகாமலே உதிரும். வெள்ளை ஈ வேற. கொசுவை விடச் சின்னது, ஆனா இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி டெலிவரி பண்றது அதுதான். நுனி சுருண்டு குட்டையா நின்னுட்ட செடியைப் பார்த்தா அம்மா காய் தேடவே இல்லை. வேரோட பிடுங்கி வரப்பில் போட்டுக்கிட்டே போனாங்க. அன்னிக்குக் காலையில் தேறினது 38 பெட்டி.

பெட்டி நூத்தி இருபது

பெட்டிகள் வேனில் ஏறிச்சு. நாங்களும் அப்பாவோட தொத்திக்கிட்டோம். பாலக்கோடு தக்காளி மண்டியை விவரிக்கிறது கஷ்டம். நீலம், பச்சை, சிவப்புன்னு பிளாஸ்டிக் பெட்டிகளால் கட்டின ஒரு நகரம்னு வெச்சுக்கங்க. நடுவுல சந்து, சந்துல ஆள், ஆள் தலையில இன்னொரு பெட்டி. கீழே காலில் நசுங்கின தக்காளிச் சேறு. பள்ளிக்கூட லீவு விட்ட பசங்க ரெண்டு பேர் தரம் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில்கூட இவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

விலையைச் சொல்ல மண்டிக்காரருக்கு முழுசா ஒரு நிமிஷம்கூட ஆகலை. மேல் பெட்டியில் நாலு காயைப் புரட்டினார், ஒண்ணை அழுத்தினார், “நூத்தி இருபது”. பதினஞ்சு கிலோ பெட்டிக்கு! கிலோ எட்டு ரூபாய். அப்பா பதில் பேசலை. பக்கத்துப் பெட்டிக்காரர் நூத்தி பத்துக்குத் தலையாட்டினதை அவர் ஏற்கெனவே பார்த்துட்டார்.

கணக்கை நான் போனில் போட்டேன். 38 பெட்டி, 4,560 ரூபாய். அதில் பறிப்புக் கூலி, வேன் வாடகை, மண்டி கமிஷன், இறக்குக் கூலி எல்லாம் போகணும். உரம், மருந்து, குச்சி, நாத்துக்குச் செஞ்ச செலவை இந்தக் கணக்கில் கொண்டு வரவே இல்லை. மண்டிக்கு எதிரே டீக்கடையில் எனக்கும் தோழிக்கும் டீ, பன் வாங்கிக் கொடுத்துட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நீங்களும் நானும் கடையில் கொடுக்கிற காசு எங்கே போகுதுன்னு ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒண்ணு 2024-ல் கணக்கு சொல்லுச்சு. தக்காளிக்கு நாம தர்ற ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயி கைக்குப் போறது சுமார் 33 பைசா. மிச்சமெல்லாம் வழியில இருக்கிறவங்களுக்கு. எல்லாரும் கொள்ளைக்காரங்கன்னு சொல்லிட முடியாது. அழுகிப் போற சரக்கை ராவோட ராவா ஓட்டிக்கிட்டுப் போற டிரைவரும் அதில் ஒருத்தர்தான்.

1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கின உழவர் சந்தைத் திட்டம் இந்த இடைவெளியைக் குறைக்க வந்ததுதான். தர்மபுரியிலும் உழவர் சந்தை உண்டு. அங்கே கூடையோட உட்கார்ந்து வித்தால் கிலோவுக்குக் கூடுதலாக் கிடைக்கும், நிஜம். ஆனா, 570 கிலோவை ஒரே காலையில் யார்கிட்ட விக்கிறது? ரெண்டு பெட்டிக்கு சந்தை, முப்பத்தாறு பெட்டிக்கு மண்டி. அம்மா வாரத்தில் ரெண்டு நாள் அப்படித்தான் பிரிச்சு அனுப்புறாங்களாம்.

‘ஃப்ரிட்ஜில் வெச்சுக்கலாமே?’

இந்த சீனைப் பார்த்தா காலேஜ் மூளை உடனே ஐடியா கொடுக்கும். எனக்கும் கொடுத்துச்சு. விலை ஏறுற வரைக்கும் குளிர்பதனக் கிடங்கில் வெச்சுக்க வேண்டியதுதானே? தோழி பி.எஸ்ஸி. தாவரவியல், சிரிச்சா. உருளைக்கிழங்கு மாதிரி தக்காளி மாசக்கணக்கில் தூங்காது. ரொம்பக் குளிரவெச்சா, அதாவது 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் போச்சுன்னா, செங்காய் ஒழுங்காப் பழுக்கவே பழுக்காது. ருசி போய், தோலில் குழி விழுந்து அழுக ஆரம்பிச்சிடும். குளிர் அதிகம் இல்லாம வெச்சாலும் சில வாரங்கள்தான். சரி, சாஸ் போடலாமே? ஃபேக்டரிக்கு வேணுங்கிறது சதைப்பற்று அதிகம், தண்ணி கம்மி. லாரிப் பயணத்துக்குன்னு வளர்க்கிற கெட்டித்தோல் ஹைப்ரிட் ரகத்தோட ஜாதகம் வேற. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூணுக்குமாச் சேர்த்து 2018-19 பட்ஜெட்டில் மத்திய அரசு ‘ஆபரேஷன் க்ரீன்ஸ்’னு 500 கோடி ரூபாய் அறிவிச்சது. அறிவிச்ச பிறகும் தக்காளி விலை பாதாளத்துக்கும் ஆகாயத்துக்குமாத்தான் லிஃப்ட் போட்டுக்கிட்டிருக்கு.

98 குழி, ஒரு சூதாட்டம்

மத்தியானம் தூங்கி எழுந்து நாங்க போன இடம் நாத்துப் பண்ணை. நிழல்வலைக்குக் கீழே கறுப்புக் குழித்தட்டுகள். ஒரு தட்டுக்கு 98 குழி, ஒவ்வொரு குழியிலும் தென்னைநார்க் கழிவில் ஊன்றின ஒரு நாத்து. 25 நாள் வயசு வந்ததும் கொல்லைக்குப் போகும். ரகத்தோட பேரெல்லாம் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு... சிவம், சாஹோ! அரசுத் தரப்பில் வந்த ரகங்களும் உண்டு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு உள்பட மூணு நோயைத் தாங்கும். மானாவாரிக்குன்னே பையூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது பையூர்-1. அந்தப் பையூர்கூடப் பழைய தர்மபுரி மாவட்டத்து ஊர்தான்.

வரிசைக்கு வரிசை நாலடி, செடிக்குச் செடி ஒன்றரை அடின்னு நட்டா ஒரு ஏக்கருக்கு 7,260 செடி. 74 தட்டு நாத்து! இதை வாங்குறதா, வேண்டாமாங்கிறதுதான் அந்த வீட்டில் அந்த வாரம் ஓடிக்கிட்டிருந்த பெரிய விவாதம்.

மறுநடவுன்னா என்னமோ பழசைப் பிடுங்கிட்டுப் புதுசை நடுறதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அது பாதிதான். செடி போனாலும் அதுக்குக் கட்டின குச்சி, கம்பி, சொட்டுநீர்க் குழாய், தரையில் விரிச்ச மல்ச்சிங் ஷீட் எல்லாம் அப்படியே இருக்கும். அதே குச்சியில், அதே ஓட்டையில் பீர்க்கன் விதையைப் போட்டுக் கொடி ஏத்தலாம். ஒண்ணரை மாசத்தில் காய். செலவு கம்மி. மண்ணுக்கும் நல்லது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூணும் பங்காளிகள், ஒரே குடும்பம். ஒண்ணுக்கு வந்த வாடல் நோய் மண்ணில் காத்திருந்து அடுத்தவனையும் பிடிக்கும். பீர்க்கன் வேற வம்சம். இது ஒரு கட்சி. கட்சித் தலைவர் அப்பா.

அம்மா எதிர்க்கட்சி. “இப்ப விலை இல்லைன்னு ஊரெல்லாம் தக்காளியைப் பிடுங்கிட்டு வேற நடுறாங்க. அப்ப ஆவணியில யாருகிட்ட தக்காளி இருக்கும்? நாம நட்டா நம்மகிட்ட இருக்கும்.” அப்பா கேட்டார், “ஊரெல்லாம் இதையே யோசிச்சா?”

எக்கனாமிக்ஸ் படிக்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. உங்க சிலபஸில் ‘காப்வெப் தியரம்’னு ஒண்ணு வரும், சிலந்திவலை மாதிரி ஒரு படத்தோட. அதுக்கு அந்தப் பேரை வெச்சவர் நிக்கோலஸ் கால்டார், 1934-ல். அதுக்கும் முன்னாடி 1928-ல் ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ்ங்கிறவர் பன்றி விலையை வெச்சு இதே விளையாட்டைக் கண்டுபிடிச்சிருந்தார். விஷயம் சிம்பிள். இன்னிக்கு விலையைப் பார்த்து இன்னிக்கு முதல் போடுறோம். சரக்கு சந்தைக்கு வர்றது சில மாசம் கழிச்சு. அதுக்குள்ள எல்லாரும் அதே விலையைப் பார்த்து அதே முதலைப் போட்டிருப்பாங்க. விலை விழும். விழுந்ததைப் பார்த்து எல்லாரும் விலகுவாங்க. விலை ஏறும். தக்காளிக்கு அந்த ‘சில மாசம்’ ரொம்பச் சின்னது. நட்டு 60, 70 நாளில் முதல் பறிப்பு.

2023-ஐ ஞாபகம் இருக்கா? ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் பறந்துச்சு. சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு வித்தது. மீம்ஸ் போட்டே மாஞ்சுபோனோம், தக்காளி மாலை, தக்காளி லாக்கர்னு. நாம மீம் போட்ட அந்த ஜூலையில்தான் நாடு முழுக்கப் பல பேர் நாத்து வாங்கி நட்டாங்க. செப்டம்பரில் எல்லாம் ஒண்ணாக் காய்ச்சுது. பல மாநில மண்டிகளில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே. சில இடங்களில் ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்க. ரெண்டு செய்திக்கும் நடுவில் ஒரு பயிரோட வயசுதான் இடைவெளி. “நாங்களும் அந்த ஆடியில நட்டோம்”னு மட்டும் அப்பா சொன்னார்.

அதுக்கப்புறம் பேச்சு நகைக்குப் போச்சு. மறுநடவுக்கு முதல் வேணும். அம்மாவோட கம்மல் ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத்தில் அடமானம். மீதி இருக்கிறது ஒரு சின்னச் செயின். ஜூனில் தோழிக்கு ஃபைனல் இயர் ஃபீஸ். ‘எனக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ்னா எத்தனை பெட்டி தெரியுமா?’ன்னு அவ ஹாஸ்டலில் அடிக்கடி கேட்பா, நாங்க ஜோக்குன்னு சிரிப்போம். அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரிச்சுப் படுத்திருந்தப்போ கணக்கைச் சொன்னா. பெட்டி அறுநூறு போனா முப்பது பெட்டி, ஒரு காலைப் பறிப்பு. நூத்தி இருபது போனா நூத்தி ஐம்பது பெட்டி. அதுவும் கூலி, வாடகை கழிக்காம. “எங்க காலேஜ் ஃபீஸ் ஏறவே இல்லைடீ. தக்காளிதான் இறங்கிடுச்சு”ன்னா.

முடிவு என்னாச்சுன்னா, கூட்டணி ஆட்சி! அரை ஏக்கர் பீர்க்கன், அரை ஏக்கர் தக்காளி. 37 தட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பீர்க்கன் இருக்கிற குச்சியிலேயே. தக்காளிக்கு மட்டும் பழைய செடியைச் சுத்தமாப் பிடுங்கி, கிழிஞ்ச ஷீட்டைச் சுருட்டி, ரெண்டு ராத்திரி ஆட்டுப் பட்டி போட்டு, அப்புறம் உழவு. பழைய செடி நிக்கிற பக்கத்திலேயே புது நாத்தை வெச்சா வெள்ளை ஈக்கு அட்ரஸ் கொடுத்த மாதிரி ஆயிடும்னு அம்மா அதில் மட்டும் கறார். செயின் ஜூன் முதல் வாரம் சங்கத்துக்குப் போச்சு.

போறவங்க கவனத்துக்கு: காலை ஆறு மணிக்கெல்லாம் மண்டியில் இருந்தாத்தான் ஜோரான நேரம். வெள்ளைச் சட்டை, புது ஷூ வேண்டாம். பெட்டிக்கு நடுவே நின்னு செல்ஃபி எடுத்தா லோடுமேன் அண்ணன்கள் திட்டுவாங்க, நியாயமான திட்டுதான். பக்கத்தில் பாப்பாரப்பட்டி இருக்கு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண் மூடின ஊர். நினைவிடத்தைப் பார்த்துட்டு வரலாம். அதே ஊரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு, விதை, மண் பரிசோதனைன்னு விவசாயிகள் வந்து போற இடம். தோட்டங்களுக்குள்ள போகணும்னா கேட்டுட்டுப் போங்க. கேட்டா பெரும்பாலும் ‘வா சாமி’ன்னு உள்ளே கூப்பிட்டுக் கையில் ரெண்டு பழத்தையும் கொடுப்பாங்க. நாட்டுத் தக்காளி கிடைச்சா அங்கேயே கடிச்சுச் சாப்பிடுங்க. உப்புகூட வேண்டாம்.

ஆனி மூணாம் வாரம் தோழி ஒரு போட்டோ அனுப்பினா. முழங்கால் உயரம்கூட வராத செடியில் ஒத்தை மஞ்சள் பூ. பின்னாடி பீர்க்கன் குச்சியில் ஏற ஆரம்பிச்சிருக்கு. ‘மண்டியில் என்ன விலை?’ன்னு கேட்டேன். ‘இருநூத்தி எண்பது. ஏறுது. பக்கத்துக் கொல்லைக்காரங்க ரெண்டு பேர் இன்னிக்கு நாத்து சொல்லிட்டு வந்திருக்காங்க’ன்னு பதில் வந்துச்சு.